சுவருக்குச் சொல்லிக்கொடுத்தவன்

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் அறை அமைதியாகிவிடும் என்று நம்புகிறவர்களை நான் மனிதர்களாகவே மதித்ததில்லை. சாலிகிராமத்தில் தெருவுக்குத் தெரு அப்படிப்பட்ட அறைகள் உண்டு. உள்ளே போய் ஒரு முறை கைதட்டினால் போதும், அறையின் யோக்கியதை வெளியே வந்துவிடும். எதிரெதிர்ச் சுவர்கள் அந்தத் தட்டலைப் பந்து மாதிரி மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருக்கும். கனத்த ஒலியெல்லாம் மூலைகளில் போய்த் தேங்கும். முட்டை அட்டையும் கடையில் விற்கிற கறுப்பு ஸ்பாஞ்சும் மேலாக இருக்கிற கீச்சொலியைக் கொஞ்சம் தின்னும், அவ்வளவுதான். அதற்குள் உட்கார்ந்து பேசுகிறவன் ஜலதோஷக்காரன் மாதிரி ஒலிப்பான். சொன்னால் கோபித்துக்கொள்வான்.

என் காது தப்புப் பண்ணாது. பெருமைக்குச் சொல்லவில்லை, அது என் பிழைப்பு. டப்பிங் தியேட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, அடுத்தவர்கள் குரலில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான்.

பூங்கோதை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றவள். திரையில் வாயசைத்த எத்தனையோ கதாநாயகிகளுக்கு அவள்தான் குரல். முதல் நாள் அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு, "சரியில்ல, ஒன் மோர்." அந்த சீன் முடிவதற்குள் அதையே பல முறை சொன்னேன். கடைசியில் நிஜமாகவே அழுதுகொண்டு பேசினாள். அழுகைக் காட்சிதான், பிரமாதமாக வந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த சீனைப் போட்டேன். நன்றாக இருந்தால் அடுத்த சீன், அதுதான் என் பாராட்டு. அதை வாயால் வேறு சொல்ல வேண்டுமா? அவளையே கல்யாணம் பண்ணிக்கொண்ட பிறகும் இந்த வழக்கத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

பிறகு இயந்திரக் குரல்கள் வந்தன. அவற்றுக்குத் தொண்டை கட்டாது, ஒன் மோர் சொன்னால் கண்ணீர் வராது. தியேட்டர்கள் மூடின. நானும் கோதையும் கொஞ்ச காலம் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஜனங்களுக்கு இயந்திரக் குரல் திகட்டிப்போயிற்று. புத்தகத்தை ஒரு மனுஷர் வாசித்துத்தான் கேட்பேன் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அந்த ஒலிப்புத்தகங்களுக்கு ‘மனிதக் குரல்’ என்று ஒரு முத்திரை. அதற்கு ஒரே நிபந்தனைதான்: மைக்கில் விழுந்தது விழுந்தபடி வெளியே போக வேண்டும். கெட்ட டேக்கை வெட்டி எறியலாம். மிச்சத்தைக் கணினியில் போட்டுச் சுத்தம் செய்யக் கூடாது, செய்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதாவது, குரல் சுத்தமாக இருந்தால் போதாது, அறையும் சுத்தமாக இருக்க வேண்டும்.

அறை என்றால் என் ராஜ்ஜியம். எங்கள் ஃப்ளாட்டின் சின்னப் படுக்கையறையைப் பிடித்துக்கொண்டேன். மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை ராக்வூல் பஞ்சை அடைத்துத் துணி போர்த்தினேன். பலகைகளைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு கை அளவு தள்ளி மாட்டினேன். பின்னால் காற்றுக்கு இடம் இருந்தால்தான் கனத்த ஒலி அதில் சிக்கும். பின்சுவரில் புத்தக அலமாரி வைத்து, ஒலி சிதறட்டும் என்று புத்தகங்களை முன்னும் பின்னுமாக நிறுத்தினேன். கோதை ஒரு நாள் அதையெல்லாம் ஒரே வரிசையாக அழகாக அடுக்கி வைத்துவிட்டு, நான் சந்தோஷப்படுவேன் என்று பக்கத்தில் வந்து நின்றாள். நான் கத்திய கத்தலில் அப்புறம் அந்த அலமாரி பக்கமே அவள் போகவில்லை.

உள்ளே கைதட்டினால் தட்டல் தட்டிய இடத்திலேயே செத்து விழுந்தது. வெளியுலகம்தான் சாகவில்லை. தண்ணீர் லாரி, காக்கை, மேல்மாடி மிக்ஸி, பக்கத்து வீட்டுக் குக்கர். கதவைச் சுற்றி ரப்பர் வைத்தாலும் கனத்த ஒலிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. முடிந்தவரை வீட்டுக்குள் சட்டம் போட்டேன். கோதையின் கொலுசைக் கழற்றச் சொன்னேன். சமையலறையில் பாடாதே, குரல் வீணாகிறது என்றேன். பெரிய படுக்கையறையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்து, அவள் வாசிப்பதை அங்கே உட்கார்ந்து கேட்டேன். சரியில்லையென்றால் எழுந்து போய்க் கதவைத் திறந்து சொல்வேன். என்ன சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும்.

அப்போதுதான் ஜெரால்டு ‘விழுங்கி’யைக் கொண்டுவந்தான். தியேட்டர்களுக்கு ஒலிப்பலகை பொருத்திக்கொண்டிருந்தவன். கம்பெனி அதற்கு என்னவோ நீளமாகப் பெயர் வைத்திருந்தது, ஊரில் எல்லாரும் விழுங்கி என்றுதான் சொன்னார்கள்.

"பாக்க வால்பேப்பர் மாதிரிதான் சார். ஆனா இது கேக்கும். ஒரு சத்தம் வந்தா அதுக்கு நேர் எதிரான சத்தத்தை இதுவே எழுப்பும். ரெண்டும் மோதி ரெண்டும் செத்துரும்."

"ஹெட்போன்ல இருக்கறதுதானே இது?"

"ஹெட்போன் காதை மட்டும் மூடுது. இது வீட்டையே மூடும். எதை முழுங்கணும்னு நாம சொல்லிக்குடுக்கணும். ஒரு தடவை சொன்னா அரைகுறையா முழுங்கும், திரும்பத் திரும்பச் சொன்னா சுத்தமா முழுங்கிரும். ஒரு பட்டன் தர்றேன். தொந்தரவான சத்தம் வந்தவுடனே அமுக்குங்க."

பட்டன் எதற்கு? மைக் முன்னால் நிற்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டேக் கெட்டுப்போனால் மைக் ஸ்டாண்டை விரல் நகத்தால் இரண்டு தட்டு தட்டுவார்கள். டக், டக். பதிவின் அலைக்கோட்டில் அது இரண்டு முள்ளாக நிற்கும். எடிட் பண்ணுகிறவன் அதைப் பார்த்து அதற்கு முன்னால் இருப்பதை வெட்டி எறிவான். கோதையின் விரல் இதை அவளைக் கேட்காமலே செய்யும். பால் பொங்கினால்கூடச் சமையல் மேடையை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் அடுப்பை அணைப்பாள்.

"அந்த ரெண்டு தட்டையே வெச்சிரு," என்றேன். "தட்டுக்கு முன்னாடி எந்தச் சத்தம் வந்துச்சோ அதை முழுங்கட்டும்."

"நல்ல யோசனை சார். அப்புறம், ரெக்கார்டிங் ரூம்ல மட்டும் ஒட்டினா பத்தாது. சத்தத்தை அது பொறக்கற இடத்துலயே கழுத்தை நெரிக்கணும். ஹால், பெட்ரூம், கிச்சன், எல்லாத்துலயும் ஒட்டிருவோம். அம்மா குரலைக் காப்புல போட்டுடறேன், அதைத் தொடாது. உங்க குரலையும் போட்டுரவா?"

"எனக்கு எதுக்கு? நான் இருமினாக்கூட முழுங்கட்டும்."

காபி கொண்டுவந்த கோதை இதைக் கேட்டுச் சிரித்தாள். "அப்ப இவர் திட்டறதையும் முழுங்குமா ஜெரால்டு?"

"சொல்லிக்குடுத்தா முழுங்கும்மா."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

போகும்போது ஜெரால்டு இன்னொன்றும் சொன்னான். "ரொம்ப நாள் யாரும் தட்டலைன்னா அது மெல்ல மெல்ல மறந்துரும். திரும்ப அந்தச் சத்தம் கேட்டா திரும்பத் தட்டிருங்க. வாசக்கதவுகிட்ட பெட்டி இருக்கு சார், வேண்டாம்னா அணைச்சிரலாம்."

எதற்கு அணைக்க வேண்டும்? சில வாரங்களில் எங்கள் வீடு மாதிரி ஒரு வீடு சென்னையிலேயே கிடையாது என்று ஆயிற்று. காக்கை ஜன்னலில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடும், சத்தம் வராது. அதைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் ஒரு நாள் குளியலறையில் விழுந்தேன். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயிற்று. மருத்துவமனையிலிருந்து என்னை வீட்டுக்குத் தூக்கிவந்தபோது மிச்சமிருந்தது இடது கையும் ஒரு முனகலும்தான்.

உள்ளே சொற்கள் வரிசையாகத்தான் நின்றன. வாசலில்தான் நெரிசல். எழுதிக் காட்டலாம் என்று இடது கையில் பேனா பிடித்தால் காகிதத்தில் கிறுக்கல்தான் விழுந்தது. ஆனாலும் முனகல் இருந்ததே, அதை வைத்துக் காலம் தள்ளினேன். தாகம் என்றால் ஒரு முனகல், வலி என்றால் ஒரு முனகல், கோதை ஓடி வந்துவிடுவாள்.

அவள் வாசிப்பதை நிறுத்த முடியாது. வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். என்னைப் பெரிய படுக்கையறையில் படுக்கவைத்துவிட்டு, துணைக்கு இருக்கட்டும் என்று அந்த ஸ்பீக்கரையும் போட்டுவிட்டுப் போய் வாசிப்பாள். வாசித்துக்கொண்டிருக்கும்போது நான் முனகுவேன். டேக் கெட்டுப்போகும். ஸ்பீக்கரில் எனக்குக் கேட்கும்: டக், டக். அப்புறம் கதவு திறக்கும், ஓடி வருவாள். "என்னங்க? என்ன பண்ணுது?" முகமெல்லாம் பதற்றம். தான் தட்டியது அவளுக்குத் தெரியவே தெரியாது. தடுக்கி விழுந்தால் கையை ஊன்றுவது போல அது ஒரு பழக்கம்.

எனக்குத் தெரிந்தது. முதல் தட்டிலேயே தெரிந்தது, அது சுவருக்குப் பாடம் என்று. தட்டாதே என்று கத்தினேன். வந்தது முனகல். அதற்கும் ஒரு டக், டக்.

முதலில் முனகலின் மேல்பக்கம் போயிற்று. பிறகு அடிப்பக்கம் மெலிந்தது. ஒரு நாள் காலையில் முனகினேன், என் மண்டை எலும்பு வழியாக எனக்குக் கேட்டது, அறையில் கேட்கவில்லை. ஆயுசு முழுக்க அறைகளின் பதிலைக் கேட்டே வாழ்ந்தவனுக்கு இதைத் தெரிந்துகொள்ள ஒரு நொடி போதும். சுவர் என்னைக் கற்றுக்கொண்டுவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் வந்த கோதை என் திறந்த வாயைப் பார்த்தாள். காதைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"என்னங்க, சத்தமே வரலையே? நேத்துக்கூட முனகல் வந்துச்சே." கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். "இருந்ததும் போச்சா?"

சுவர் தன் புருஷனை விழுங்கும் என்று எந்த மனுஷிக்குத் தோன்றும்? அவளுக்கு விழுங்கி என்பது லாரியையும் காக்கையையும் விழுங்குகிற காகிதம். அதோடு அது நான் பார்த்துப் பார்த்துப் பொருத்தியது. நான் படுத்த பிறகு அதை அவள் தொடவே இல்லை. ‘அவர் செட் பண்ணி வெச்சது’ என்று யாரிடமோ போனில் பெருமையாகச் சொன்னாள்.

பேச்சுப் பயிற்சிக்கு ஷர்மிளா பானு என்று ஒரு பெண். ஆஸ்பத்திரியிலிருந்து டேப்லெட் வழியாக வருவாள். டேப்லெட்டை என் முகத்துக்கு நேராக ஸ்டூலில் வைப்பாள் கோதை. அந்தப் பெண் ‘ஆ’ என்பாள், நான் ‘ஆ’ என்பேன். டேப்லெட் இருப்பதும் இதே அறைதானே, அதற்கும் ஒன்றும் கேட்காது.

"வாய் நல்லா அசையுதும்மா, குரல்தான் சேரலை," என்பாள். "பாப்போம். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். பேச்சு திரும்பினாலும் முதல்ல எது வரும்னு சொல்ல முடியாது. சில பேருக்கு வாழ்நாள்ல எதை அதிகமாச் சொன்னாங்களோ அதுதான் வரும். கெட்ட வார்த்தைகூட வரும். அவங்க வேற ஏதோ சொல்றதா நினைச்சிட்டிருப்பாங்க. வாயில வர்றது வேறன்னு அவங்களுக்கே தெரியாது. வந்தா தப்பா எடுத்துக்காதீங்க."

அவங்களுக்கே தெரியாதாம். என் காதைப் பற்றி இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் பேச்சு திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் முனகல் இரண்டாக உடைந்தது. இன்னொரு நாள் உதடு சேர்ந்தது. பிறகு ஒரு காலை, ‘கோதை’ என்று முழுசாக வந்தது. மண்டைக்குள் கணீரென்று கேட்டது. சந்தோஷத்தில் கண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அதையே நாள் முழுக்கச் சொன்னேன். கோதை, நான் பேசுகிறேன். கோதை, சுவரை அணை. வாசல் கதவுப் பக்கம் போ, கோதை. சுவர் எல்லாவற்றையும் விழுங்கியது. அது படித்தது என் சொற்களை அல்ல, என் குரலை. நான் எவ்வளவு தேறினாலும் அது என் கூடவே தேறியது.

"சும்மா வாயை அசைக்காதீங்க, களைச்சுப்போவீங்க," என்பாள் கோதை.

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். தண்ணீர் கொடுத்தாள். சுவரைக் காட்டினேன். "பல்லியா?" என்று விளக்குமாற்றை எடுத்துவந்தாள். கட்டில் கம்பியைத் தட்டிக் கூப்பிடலாம், ஆனால் பயம். நான் தட்டினாலும் அது பாடம்தான். சுவருக்கு யார் வாத்தியார் என்பது முக்கியமில்லை.

இதற்கிடையில் ஷர்மிளா கையை விரித்தாள்.

"இந்த மாசத்தோட செஷனை நிறுத்திடலாம்மா. குரலே இல்லாம பயிற்சி குடுத்துப் பிரயோஜனமில்ல. ஆரம்பத்துல பேசிப் பேசிப் பழகினாத்தான் மூளை புது வழி போடும். கேக்கறதுக்கும் திருத்தறதுக்கும் ஆள் இல்லைன்னா அந்த வழி அப்படியே மூடிரும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் இப்படியேதாம்மா."

வழி திறந்துதான் இருக்கிறது, நான் அதில் தினமும் நடந்துகொண்டிருக்கிறேன், யாருக்கும் தெரியவில்லை. ஷர்மிளா ஒரே ஒரு முறை என் குரலைக் கேட்டுவிட்டால் போதும்.

ஒரே நம்பிக்கை ஜெரால்டு சொன்ன மறதிதான். என் முனகல் நின்றுபோனதிலிருந்து கோதை எனக்காகத் தட்டவில்லை. அவள் வாசிக்கும் நேரத்தில் நான் வாயே திறப்பதில்லை. எதற்காகவோ அவள் தட்டப்போய் அதில் என் குரலும் மாட்டிக்கொள்ளக் கூடாது. அவள் சமையலறையில் இருக்கும்போதும் கடைக்குப் போகும்போதும்தான் பயிற்சி. இப்படி இருக்கையில் ஒரு நாள் தெருவில் தண்ணீர் லாரியின் ஹாரன் மெல்லக் கேட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. சுவர் மறக்கிறது! முதலில் படித்ததை முதலில் மறக்கிறது. லாரி, அப்புறம் காக்கை, அப்புறம் மிக்ஸி, குக்கர், கடைசியில் நான். தண்ணீர் லாரி ஹாரனுக்கு மனிதன் அழுவான் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அந்த நாட்களில்தான் கோதை மாறிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். கொலுசைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். சமையலறையில் பாடினாள். அவள் குரல் காப்பில் இருந்ததால் சுவர் அதைத் தொடவில்லை, எல்லா அறையிலும் அது மட்டும் நடமாடியது. நான் பாடாதே என்று சொன்ன குரல். எவ்வளவு நல்ல குரல்!

ஒரு நாள் எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது ஓகேன்னு சொல்லியிருக்கீங்களா? அடுத்த சீன் போட்டா நல்லாருக்குன்னு அர்த்தம்னு நானா நினைச்சுக்குவேன். வீட்ல அடுத்த சீனும் கிடையாது. குழம்பு வெச்சாலும் ஒன் மோர், புடவை கட்டினாலும் ஒன் மோர்." மூக்கை உறிஞ்சினாள். "இப்ப அந்தக் கதவைத் திறந்துக்கிட்டு யாரும் வர்றதில்ல. மைக் முன்னாடி நின்னா கை நடுங்கறதில்லங்க. நீங்க இப்படிக் கிடக்கறீங்களேன்னு ராத்திரி அழறேன், காலைல உள்ள போய் நின்னு நிம்மதியா வாசிக்கறேன். இதை யார்கிட்ட போய்ச் சொல்றது? பாவம்னு தெரியுது. ஆனா நிஜம்."

எனக்கு வலித்தது. கோபமாக வர வேண்டியது வலியாக வந்தது. நீ சொல்வது சரி, என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் என் வாய் ஓரத்தைத் துடைத்தாள்.

அப்போதிலிருந்து என் பயிற்சி மாறியது. சுவரை அணை என்று சொல்வதை விட்டேன். அவள் என் குரலை முதன்முதலாகக் கேட்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்று யோசித்து, அதை மட்டும் சொல்லிச் சொல்லிப் பழகினேன். கோதை, நீ வாசித்ததையெல்லாம் கேட்டேன். எல்லாமே நன்றாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். உள்காதில் கேட்டுத் திருத்தினேன். பிசிறில்லாமல் வந்த பிறகுதான் விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சவரம் செய்ய வருகிற ஆள் வரவில்லை. கோதையே சோப்பு நுரை போட்டு, ஒரு கையால் என் தாடையைத் தூக்கிப் பிடித்து, மறு கையில் ரேஸரை எடுத்தாள். அவள் உள்ளங்கை என் தொண்டை மேல் இருந்தது. எனக்குப் பொறி தட்டியது. பிளேடு கழுத்தில் இருக்கிறது, இருந்தால் இருக்கட்டும்.

பேசினேன்.

அவள் கை நின்றது. "என்னது இது? தொண்டை அதிருது."

திரும்பவும் பேசினேன். அவள் ரேஸரைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். என் வாயைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். மைக் முன்னால் வாழ்ந்தவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"ஐயோ. நான் தட்டினேனா? நீங்க கூப்பிட்டப்பல்லாம் தட்டிட்டு ஓடி வந்தேனா?" என் தலையைக் கட்டிக்கொண்டாள். "எத்தனை நாளா பேசறீங்க? நான் பாவி, தண்ணி குடுத்துக்கிட்டே இருந்தேனே!"

பெட்டியை அணைக்கப் போகிற அளவுக்குக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. என் சட்டையை விலக்கி நெஞ்செலும்பில் காதை அழுத்திக்கொண்டாள். "சொல்லுங்க. எலும்பு வழியா கேக்கும். நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. சொல்லுங்க."

அவள் தலைமுடி என் மோவாய் நுரையில் ஒட்டியது. நான் நிதானமாக மூச்சை இழுத்துச் சொன்னேன். கோதை, நீ வாசித்ததையெல்லாம் கேட்டேன். எல்லாமே நன்றாக இருந்தது. ஒரு எழுத்துத் தவறவில்லை.

அவள் அசையவில்லை. காதை எடுக்காமலே, "திரும்பச் சொல்லுங்க," என்றாள்.

சொன்னேன்.

அவள் முதுகு மெல்ல விறைத்தது. எழுந்து உட்கார்ந்து, முடியில் ஒட்டியிருந்த நுரையை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"சரியில்ல, ஒன் மோர்," என்றாள்.

என் தொனி, என் சலிப்பு, அந்த ‘ஒன்’னுக்கு நான் கொடுக்கும் அழுத்தம், எல்லாம் அப்படியே. டப்பிங்காரி அல்லவா.

"இதைத்தான் சொல்றீங்க. வேற ஒண்ணுமே இல்ல. இத்தனை நாளும் இங்க படுத்துக்கிட்டு இதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தீங்களா?"

இல்லை என்றேன். இல்லவே இல்லை, கோதை, நான் சொன்னது அது இல்லை என்றேன். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவள் பொறுமையாக மறுபடி நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். எழுந்தாள். "திரும்பவும் அதேதான்," என்றாள்.

என்னால் நம்ப முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. என் காது தப்புப் பண்ணாது.

"தப்பா எடுத்துக்காதீங்கன்னு ஷர்மிளா சொன்னாங்க," என்றாள் கோதை. சொல்லிவிட்டு என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். கோபமில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "தப்பா எடுத்துக்கல."

ரேஸரை எடுத்து மீதிக் கன்னத்தையும் வழித்தாள். எங்கும் கீறல் படாமல், அவ்வளவு பதமாக. வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துப் படிகாரம் தடவினாள். போர்வையைச் சரிசெய்தாள். எழுந்து வெளியே போனாள்.

கொலுசு ஹாலைக் கடந்து வாசல் கதவுப் பக்கம் போய் நின்றது. பெட்டி இருக்கிற இடம். நான் ஜன்னலில் இருந்த காக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது வாயைத் திறந்து மூடியது. லேசாக ஒரு கீறல் மாதிரி ஏதோ கேட்டது, அவ்வளவுதான். முழுசாகக் கேட்டுவிட்டால் பெட்டி அணைந்தது என்று அர்த்தம், நான் பிழைத்தேன். கோதை, கோதை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், அல்லது கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு இருந்தேன். கொலுசு அங்கேயே நின்றது. பிறகு திரும்பி நடந்தது. வாசிக்கும் அறையின் ரப்பர் கதவு மூடியது.

நான் நிறுத்தாமல் கூப்பிட்டேன். வாசிக்கும் நேரத்தில் வாய் திறக்கக் கூடாது என்ற என் சட்டமே எனக்கு மறந்துபோயிற்று.

ஸ்பீக்கரில் அவள் மூச்சு கேட்டது. பிறகு, பழக்கத்தில் விழுகிற அவசரத் தட்டாக இல்லாமல், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்த மாதிரி,

டக். டக்.

அப்புறம் வாசிக்க ஆரம்பித்தாள். ஏதோ நாவலின் கடைசி அத்தியாயம். ஒருத்தி ஆற்றங்கரையில் யாருக்காகவோ காத்திருந்து, வராதவனுக்காகக் காத்திருப்பதை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடக்கிறாள். கோதை எங்கேயும் தடுமாறவில்லை. மூச்சு எடுக்கிற சத்தம் தெரியவில்லை. அழுகிற இடத்தில் குரலை உடைக்காமல், உடையப்போகிற விளிம்பிலேயே கடைசி வரை நிறுத்தினாள். எந்தக் கண்ணாடிக்குப் பின்னாலும் உட்கார்ந்து அப்படி ஒரு டேக்கை நான் கேட்டதில்லை. குற்றம் தேடிப் பார்த்தேன், பழக்கம் விடுமா? ஒன்றும் இல்லை.

முடித்தாள். ஸ்பீக்கரில் அறையின் அமைதி வந்தது. நான் கட்டிய அமைதி. எத்தனையோ வருஷமாக இந்த இடத்தில்தான் நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த சீனைப் போடுவேன்.

இந்த முறை சொன்னேன். "ஓகே" என்றேன். அப்படித்தான் என் காதில் விழுந்தது.